தாவணி போடாத பெண்கள்

ஓர் ஊரில் ஒரு வழக்கம் மாறிவிட்டதா இல்லையா என்று பார்த்துச் சொல்வதுதான் எனக்குக் கொடுத்திருந்த வேலை. இதற்குச் சம்பளம் வேறு கொடுக்கிறார்களா என்று என் அப்பாவே சிரித்தார். அறுபதுகளின் தொடக்கம் அது. நாங்கள் அப்போது திருச்சி ஜில்லாவில் சேர்ந்திருந்தோம். புதுக்கோட்டைக்காரர்களுக்கு அதில் கொஞ்சம் மனக்குறை உண்டு, அது வேறு கதை. இலுப்பூர்ப் பக்கத்தில் ஒரு யூனியன் ஆபீசில் நான் கிராம சேவிகாவாக இருந்தேன். கல்யாணமாகாத பெண் தனியாக பஸ் ஏறி ஊர் ஊராகப் போகிறாளே என்று எங்கள் தெருவில் பேசினார்கள். பேசட்டும் என்று நானும் போய்க்கொண்டிருந்தேன். போகிற ஊர்களில் என்னை எல்லோரும் டீச்சரம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். நான் டீச்சர் இல்லை என்று சொல்லிச் சொல்லிக் களைத்துப்போய் விட்டுவிட்டேன்.

என் பொறுப்பில் இருந்த ஊர்களில் ஒன்றைப் பற்றித்தான் இங்கே சொல்ல வேண்டும். செம்மண் பொட்டலும் கடலைக் கொல்லையும் ஒரு பெரிய கண்மாயுமாக இருந்த ஊர். ஊருக்குள் ஐந்தாம் வகுப்பு வரைதான் பள்ளிக்கூடம். ஆறாம் வகுப்புக்குப் போக வேண்டுமானால் கண்மாய்க் கரையோடு நடந்து, கருவேலங்காட்டைத் தாண்டி, அடுத்த ஊருக்குப் போக வேண்டும். பெண் வயதுக்கு வந்துவிட்டால் அதோடு படிப்பு முடிந்தது. தாய்மாமன் சீர் கொண்டுவருவார், தென்னங்கீற்றில் குச்சுக் கட்டிப் பெண்ணை உட்காரவைப்பார்கள், சடங்கு நடக்கும், பாவாடை சட்டை போய்த் தாவணி வரும். தாவணி வந்த பிறகு புத்தகப் பை எதற்கு என்பதுதான் ஊர் நியாயம்.

இதை மாற்ற ஒரு திட்டம் வந்தது. தாய்மார் கூட்டம் போட்டோம். வெள்ளை வேட்டியைக் கட்டிப் படம் காட்டினோம். எல்லாவற்றையும்விட உருப்படியான காரியம், பெண்பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போய்த் திரும்பக் கூட்டிவர அதே ஊரில் ஓர் அம்மாவைச் சம்பளத்துக்கு வைத்ததுதான். புருஷன் பர்மாவுக்குப் போய்த் திரும்பி வராத அம்மா அவர். துணையம்மா என்று ஊரே கூப்பிட்டது. கையில் ஒரு கருவேலங்கம்போடு அவர் முன்னால் நடந்தால் அந்தக் காட்டில் நரிகூட ஒதுங்கிப் போகும் என்று பிள்ளைகள் சொல்லும்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை நான் முன்னேற்ற அறிக்கை எழுதி அனுப்ப வேண்டும். மேல் வகுப்புக்குப் போகும் பெண்கள் எத்தனை பேர் என்ற இடத்தில் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. வயதுக்கு வந்த பிறகும் போகிறவர்கள் எத்தனை பேர் என்ற இடத்தில் மட்டும் ஒவ்வொரு தடவையும் ஒருவரும் இல்லை என்றே எழுதினேன். ஆபீசில் யாரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை. ஏறுகிற எண்ணிக்கை ஒன்று கையில் இருந்தால் ஏறாததைப் பற்றி ஆபீசில் யாருக்குக் கவலை?

எனக்குத்தான் உறுத்தியது. ஒரு நாள் காலையில் கண்மாய்க் கரையில் அந்தப் பெண்கள் வரிசையாகப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஏழாவது, எட்டாவது படிக்கிற பெண்கள் துணையம்மாவின் உயரத்துக்கு வளர்ந்திருந்தார்கள். எல்லோரும் பாவாடை சட்டைதான். பாவாடையின் ஓரத்தில் மடித்துத் தைத்ததைப் பிரித்துப் பிரித்து இறக்கிய கோடுகள், ஒன்றன் கீழ் ஒன்றாகச் சாயம் போகாமல் தெரிந்தன. புத்தகப் பையைத் தோளில் மாட்டாமல் நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். இத்தனை பெரிய பெண்களில் ஒருத்திகூடவா இன்னும் ஆளாகவில்லை? நானும் பெண்தானே. சந்தேகம் வந்தால் எனக்குச் சும்மா இருக்க வராது.

அந்த ஊரில் எனக்கு நன்றாகப் பழக்கமானவர்கள் ஒரே சுவரை நடுவில் வைத்துக்கொண்டு குடியிருந்த இரண்டு பேர். வடக்கு வீட்டு அக்கா, தெற்கு வீட்டு அக்கா என்று சொல்லிக்கொள்வேன். வடக்கு வீட்டு அக்காவின் ஒரே மகள் எட்டாம் வகுப்பு. படிப்பில் சூட்டிகையான பெண். எட்டாவது சர்க்கார் பரீட்சையை எழுதிவிட்டால் டீச்சர் டிரெயினிங்கில் சேரலாம் என்று அவளுக்கு ஆசை; அவளைவிட அவள் அம்மாவுக்கு ஆசை. தெற்கு வீட்டு அக்காவுக்கு இரண்டு பெண்கள். மூத்தவளை ஏழாம் வகுப்பில் வயதுக்கு வந்ததும் நிறுத்தி, அடுத்த தையிலேயே வல்லத்திராக்கோட்டைப் பக்கம் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். இளையவள் இப்போது ஏழாவது.

வடக்கு வீட்டில் கடலை உரித்துக்கொண்டிருந்த ஒரு பகலில், கொல்லைப்புறச் சுவரோரம் சாய்த்து வைத்திருந்த முறத்துக்குப் பின்னால் துணி காய்ந்துகொண்டிருந்ததைப் பார்த்துவிட்டேன். நான் பார்த்ததை அக்காவும் பார்த்துவிட்டது. பிறகு மெல்லச் சொன்னது. மகள் பெரியவளாகி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. புருஷனுக்கு மட்டும் தெரியும். சலவைக்குப் போட்டால் ஊருக்குத் தெரிந்துவிடும் என்று உச்சிவெயிலில் ஆளில்லாத நேரமாகக் கண்மாய்க்குப் போய்த் தானே அலசிக்கொண்டு வருகிறது. பரீட்சை முடிகிற வரைக்கும் இப்படியே ஓட்டிவிட வேண்டும். தெரிந்தால் ஊர் காறித் துப்பும் என்றது. பக்கத்து வீட்டிலேயே மூத்தவளை நிறுத்தவில்லையா, நான் மட்டும் அனுப்பினால் அவள் என்ன நினைப்பாள் என்றது. மகளைக் கூப்பிட்டு, என் கையைப் பிடித்து அவள் தலைமேல் வைத்து, யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் வாங்கிக்கொண்டது. அந்தப் பெண் தலையைக் குனிந்து நின்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அதற்குப் பிறகு நான் எந்த வீட்டுக்குப் போனாலும் உட்காரும் விதம் மாறிவிட்டது. கேள்வி கேட்பதைக் குறைத்துக்கொண்டேன். சொன்னால் நம்ப மாட்டீர்கள், அந்த மாதத்திலேயே தெற்கு வீட்டு அக்காவும் கொல்லைப்புறத்துக்குக் கூட்டிப்போய் அதே கதையைச் சொன்னது. இளையவள் ஆளாகி ஆறேழு மாதம். அதே சத்தியம், அதே தலை. கூடுதலாக ஒன்று சேர்த்துக்கொண்டது.

"வடக்கு வீட்டுக்காரிக்கு மட்டும் தெரிஞ்சிரக் கூடாதுங்க, டீச்சரம்மா. அவ ஒண்ணுன்னா ஒம்பதாச் சொல்லுவா."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருமுவதுபோல் முந்தானையால் வாயை மூடிக்கொண்டேன். சுவரின் அந்தப் பக்கம் முறத்துக்குப் பின்னால் ஒரு துணி, இந்தப் பக்கம் வைக்கோல் கட்டுக்குப் பின்னால் ஒரு துணி. இதேபோல் கீழத்தெருவில் இன்னும் இரண்டு வீடுகள். நான்கு வீட்டிலும் பெண்ணைப் படிக்கவைக்கத்தான் மனது. நான்கு வீட்டிலும் மற்றவர்கள் அப்படியில்லை என்ற நிச்சயம். ஊரில் இத்தனை பேர் மனம் மாறியிருப்பது ஊரில் இல்லாத எனக்கு மட்டும்தான் தெரியும். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் நான்கு பெண்களின் தலையில் கை வைத்திருக்கிறேனே.

சொல்லாமல் சொல்ல ஒரு வழி கிடைக்கும் என்று அடுத்த தாய்மார் கூட்டத்தை நம்பியிருந்தேன். கூட்டத்தின் கடைசியில் கருத்துக் கேட்டு, கை தூக்கச் சொல்லி எண்ண வேண்டும் என்று மேலிடத்துக் குறிப்பு இருந்தது. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தவர்களிடம், வயதுக்கு வந்த பெண்ணையும் பள்ளிக்கூடம் அனுப்பலாம் என்று நினைக்கிறவர்கள் கை தூக்குங்கள் என்றேன். நால்வரில் ஒருவராவது தூக்கினால் மற்ற மூன்றும் எழுந்துவிடும் என்று கணக்குப் போட்டிருந்தேன். ஒரு கையும் எழவில்லை. தூக்கினால் தங்கள் வீட்டில் ஏதோ இருக்கிறது என்று சந்தேகம் வருமே. சந்தேகம் தன் பக்கம் திரும்பக் கூடாது என்று தெற்கு வீட்டு அக்கா எல்லோருக்கும் கேட்கச் சொன்னது:

"அதெல்லாம் நம்ம ஊருக்கு ஆகாதுங்க. டவுன்லதான் ஆகும்."

வடக்கு வீட்டு அக்கா ஆமாம் என்று தலையை ஆட்டியது. நால்வரும் தாங்கள் நினைத்தது சரிதான், இந்த ஊர் மாறாது என்று உறுதிசெய்துகொண்டு வீட்டுக்குப் போனார்கள். மாறிவிட்டதா என்று கேட்கப்போய், மாறியதை இன்னும் ஆழத்தில் புதைத்துவிட்டு வந்ததுதான் அந்தக் கூட்டத்தின் பலன். பஸ்ஸுக்கு நடக்கும்போது எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தக் குறிப்பை எழுதிய ஆள் எதிரில் வந்திருந்தால் நன்றாகக் கேட்டிருப்பேன்.

அந்த ஆளே வந்தார். திட்டம் பலித்ததா என்று பார்க்க மெட்ராஸிலிருந்து அதிகாரி ஒருவர் ஜீப்பில் வந்து இறங்கினார். கெட்டவர் இல்லை, முட்டாளும் இல்லை. வெயிலில் நடந்தார், எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். ஆனால் அவர் கேட்டது ஆண்களிடம். இப்போதெல்லாம் யாருங்க பொம்பளப் பிள்ளைய நிறுத்துறா என்று அவர்கள் மரியாதைக்குச் சொன்னார்கள். வந்த விருந்தாளியின் முகம் கோணும்படி பேசுகிற ஊர் எங்கள் பக்கத்தில் இல்லை. அதையும் ஏறுகிற எண்ணிக்கையையும் சேர்த்துவைத்து, இந்த ஊரில் வேலை முடிந்தது என்று தீர்மானித்துவிட்டார். கட்டுமாவடிப் பக்கம் கடற்கரை ஊர்களில் நிலைமை மோசமாக இருக்கிறது, துணைக்கு வைக்கும் சம்பளத்தை இங்கே நிறுத்திவிட்டு அங்கே கொடுக்கலாம் என்றார்.

துணையம்மா இல்லாமல் அந்தக் கருவேலங்காட்டு வழியில் எந்தத் தாயும் மகளை அனுப்ப மாட்டாள். பரீட்சைக்கு இன்னும் சில மாதங்களே இருந்தன. முடிந்துவிட்டது என்று அவர் எழுதினால் வடக்கு வீட்டுப் பெண்ணின் படிப்பும் முடிந்தது. முடியவில்லை என்று நான் நிரூபிக்க வேண்டுமானால் அவள் ரகசியத்தைச் சொல்ல வேண்டும்.

முடியவில்லை சார் என்று மட்டும் சொன்னேன். எப்படித் தெரியும் என்றார். சொல்ல முடியாது என்றேன். ஆபீஸ் மேனேஜர் என்னை முறைத்தார். நான் விடவில்லை.

"மனசு மாறியிருக்கு சார். மாறினது ஒருத்தருக்கொருத்தர் தெரியாது. அது தெரிகிற வரைக்கும் மாறினதாக எழுதாதீங்க."

அவர் நான் அனுப்பிய அறிக்கைகளை எடுத்துப் புரட்டினார். இதை எந்த இடத்தில் எழுதுவது என்று கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டார். பொங்கல் முடிந்து திரும்ப வருவதாகவும் அதுவரை துணையம்மா இருக்கட்டும் என்றும் சொன்னார். அதற்குள் கண்ணால் பார்க்கிற மாதிரி ஏதாவது ஒன்றைக் காட்டுங்கள் என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

மறுநாளே வடக்கு வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். அக்காவின் முகம் செத்துப்போயிற்று. அப்ப பரீட்சை என்று கேட்டது. உங்களைப் போல இன்னொருத்தர் இந்த ஊரில் இருந்தால் வெளிப்படையாக அனுப்புவீர்களா என்று கேட்டேன். அப்படி ஒருத்தி இருந்தால் நான் ஏன் இப்படிப் பயந்து சாகிறேன் என்றது. மற்ற மூன்று வீட்டிலும் இதே கேள்வியைக் கேட்டேன். மூன்று வீட்டிலும் ஏறக்குறைய இதே பதில். தலையை எங்கே கொண்டுபோய் முட்டிக்கொள்வது?

திரும்ப வடக்கு வீட்டுக்கே வந்து, சரி, ஊர் கிடக்கட்டும், யாருக்குத்தான் அதிகமாகப் பயப்படுகிறீர்கள் என்று கேட்டேன். அண்ணனுக்கு என்றது அக்கா. அடுத்த ஊரில் இருக்கிற தாய்மாமன். அவருக்கு ஒரு மகன் உண்டு. முறைமாப்பிள்ளை. சீர் கொண்டுவந்தால் கையோடு பெண்ணையும் கேட்டுவிடுவார், படிப்பாவது ஒன்றாவது என்பார் என்ற பயம். எங்கள் திட்டத்தில் அப்பனைக் கேட்டோம், ஆத்தாளைக் கேட்டோம், வாத்தியாரைக் கேட்டோம். எங்கள் பக்கத்தில் ஒரு பெண் ஆளானால் யார் வாசலில் வந்து நிற்க வேண்டுமோ அந்தத் தாய்மாமனை ஒரு தடவைகூட யாரும் கேட்டதில்லை. மெட்ராஸில் இருக்கிறவருக்குத் தெரியாது, சரி. புதுக்கோட்டையில் பிறந்த எனக்குமா தோன்றவில்லை?

அக்கா இரண்டு நாள் சாப்பாடு இறங்காமல் யோசித்துவிட்டு அண்ணனுக்குச் சொல்லியனுப்பியது. நானும் கூட இருக்க வேண்டும் என்றது. அவர் வந்தார். தடித்த மீசை, கையில் மாட்டுக் கம்பு. அக்கா தரையைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொல்லி முடித்தது. கொடுத்த காப்பியை அவர் தொடவில்லை. முகத்தை அங்கிட்டுத் திருப்பிக்கொண்டார். திரும்பியபோது கண் சிவந்திருந்தது.

"ஏத்தா, ஒரு வருஷமா எங்கிட்ட மறச்சிட்டியே. எம் மொறைய எனக்குக் குடுக்காம வச்சுக்கிட்டியே. அப்படி என்னத்தா நான் ஒனக்குச் செஞ்சேன்?"

பள்ளிக்கூடம் நின்றுபோகும் என்று பயந்துவிட்டேன் என்று அக்கா அழுதது. அவருக்கு அது விளங்கவே இல்லை.

"பள்ளிக்கூடம் போகக் கூடாதுன்னு நான் எப்பச் சொன்னேன்?"

உண்மைதான், அவர் சொல்லவே இல்லை. யாரும் கேட்கவும் இல்லை. மகனைப் பற்றி நான்தான் மெல்ல எடுத்தேன். அவன் எட்டாவதிலேயே பெயிலாகி மாட்டை ஓட்டிக்கொண்டு திரிகிறான், டீச்சரைக் கட்டிக்கொண்டு என்ன செய்வான் என்று அவர் அலுத்துக்கொண்டார். அவருக்குப் படிப்பு ஒரு பொருட்டே இல்லை. சீர்வரிசை எடுத்துக்கொண்டு மேளத்தோடு தங்கை வாசலுக்கு வருகிற அந்த ஒரு நாளைத்தான் தன்னிடமிருந்து திருடிவிட்டதாக நினைத்தார். அதைக் குறைவில்லாமல் செய்யவேண்டும் என்றார். ஆறிப்போன காப்பியை அதற்குப் பிறகுதான் குடித்தார்.

சடங்கு ஊர் மெச்ச நடந்தது. பெண் இப்போதுதான் ஆளானாள் என்று ஊர் நினைத்துக்கொண்டது. மாமன் சீரில் பட்டுச்சேலையோடு ஒரு நூல் தாவணியும் இருந்தது. அந்தப் பெண்ணே கேட்டு வாங்கிக்கொண்டதாம். தீட்டுக் கழிந்த மறுவாரம், திங்கட்கிழமை காலையில், முதல் பஸ்ஸுக்கே நான் போய்விட்டேன். துணையம்மா கம்போடு வந்து வாசலில் நின்றார். வடக்கு வீட்டுப் பெண் நீலத் தாவணியில் வெளியே வந்து தெருவில் இறங்கினாள். தெருவே பார்த்தது. அவள் அம்மா நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றது. முந்தின நாளே வந்து தங்கியிருந்த மாமன் கொஞ்ச தூரம் பின்னாலேயே நடந்தார். சமைந்த பிள்ளை எங்கே போகிறது என்று டீக்கடையில் ஒருவர் கேட்டதற்கு, அவர் நிற்காமல் பதில் சொன்னார்.

"பள்ளிக்கூடத்துக்குப் போகுது. ஏன், ஒங்களுக்கு ஏதும் வாங்கணுமா?"

யாரும் காறித் துப்பவில்லை. தெற்கு வீட்டு அக்கா தன் வாசலில் விளக்குமாற்றைப் பிடித்தபடி, கண்மாய்க் கரையில் அந்த நீலம் மறைகிற வரை பார்த்துக்கொண்டே நின்றது.

அந்த மாதக் கடைசியில் தெற்கு வீட்டில் சடங்கு. அதன்பின் கீழத்தெருவில் ஒன்று, இன்னொன்று. இந்த வருஷ மழைக்கு எல்லாப் பிள்ளையும் ஒன்றாகச் சமைந்துவிட்டது என்று டீக்கடையில் பேசிச் சிரித்தார்கள். பொங்கல் கழித்து அந்த அதிகாரி வந்தபோது நான் ஒன்றும் சொல்லவில்லை, காலையில் கண்மாய்க் கரைக்குக் கூட்டிப்போய் நிறுத்தினேன். துணையம்மாவுக்குப் பின்னால் தாவணிகள் வரிசையாகப் போயின. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போயின. அவர் பார்த்துவிட்டு, இந்த அம்மா இங்கேயே இருக்கட்டும், கட்டுமாவடிக்கு வேறு ஆள் பார்ப்போம் என்றார். வடக்கு வீட்டுப் பெண் பரீட்சை எழுதினாள், பாஸானாள்.

இதோடு முடித்தால் என் வேலைக்குப் பெருமையாக இருக்கும். ஆனால் பரீட்சை முடிந்த கோடையில் ஒரு மத்தியானம் நடந்ததைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. வடக்கு வீட்டுக் கொல்லைப்புறத்தில் இரண்டு அக்காக்களும் நானும் கடலை உரித்துக்கொண்டிருந்தோம். இனிமேல் என்ன என்ற தைரியத்தில் வடக்கு வீட்டு அக்கா தன் பழைய கதையைச் சொல்லிச் சிரித்தது. இந்தச் சுவரோரம்தான், முறத்துக்குப் பின்னால் காயப்போடுவேன் என்றது. தெற்கு வீட்டு அக்கா சிரிக்கவில்லை. நானும் அங்கிட்டு இதே சுவர்லதான் போட்டேன் என்றது. இருவரும் சுவரைப் பார்த்தார்கள். பிறகு இருவரும் சேர்ந்து என்னைப் பார்த்தார்கள்.

"டீச்சரம்மா, ஒங்களுக்கு ரெண்டும் தெரியும்ல."

தலையில் கை வைத்துச் சத்தியம் வாங்கியது நீங்கள்தானே என்று கோபமாகவே சொன்னேன். வடக்கு வீட்டு அக்கா அதை ஒத்துக்கொண்டது. ஆனால், யாருன்னு சொல்ல வேண்டாம், நான் தனியா இல்லன்னு மட்டும் சொல்லியிருக்கலாம்ல என்றது. இன்று வரை அதற்கு இரண்டு பதில்களை மாற்றி மாற்றிச் சொல்லிக்கொள்கிறேன்.

பிறகு வடக்கு வீட்டு அக்கா தெற்கு வீட்டு அக்காவின் பக்கம் திரும்பி, ஒன் மூத்தவள நீ நிறுத்தினதைப் பார்த்துத்தான் நான் மறைக்கவே ஆரம்பித்தேன் என்றது. அதில் குற்றம் சாட்டுகிற தொனி ஒன்றுமில்லை, ஒரு பழைய விஷயத்தைச் சொல்வது போலத்தான் சொன்னது.

தெற்கு வீட்டு அக்காவின் கை நின்றுவிட்டது. கடலைத் தொலி மடியில் கிடந்தது.

"நான் அவள நிறுத்துனதே நீ என்ன சொல்லுவியோன்னுதான்."

மூத்தவள் அப்போது வல்லத்திராக்கோட்டைப் பக்கத்தில் கைக்குழந்தையோடு இருந்தாள். வடக்கு வீட்டுப் பெண்ணைவிட ஒரு வயதுதான் பெரியவள்.